கேட்டதை மட்டும் சொல்லச் சொன்னாய்

கண்ணு,

ஆபீஸ் விஷயத்தை வீட்டுக்குள் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டாய். பேசக் கூடாது என்றுதானே சொன்னாய், எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. அதனால் உன் மகளிடம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். "எதுக்கு அப்பாயி நோட்டு?" என்று கேட்டாள். "உங்கப்பன்கிட்டப் பேசறதுக்கு" என்றேன். "அப்பா மாடியிலதான இருக்காரு" என்றாள். இருக்கிறாய், பதினாறு படி ஏறினால் போதும். ஆனால் ஏறி வந்து கேட்டால், "வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வந்து சொல்லுங்கம்மா" என்பாய். இன்றைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் உன் பெரியம்மாவுக்காக அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுதுகிற எழுத்து இது, கோணலாகத்தான் இருக்கும். எழுத்தைவிட மனசு கோணலாகக் கிடக்கிறது. எனக்கு அறுபத்தாறு வயதாகிறது. கோபம் வந்திருக்கிறது, அழுகை வந்திருக்கிறது, குழப்பம் என்ற ஒன்று வந்ததே இல்லை. இப்போது வந்திருப்பதற்கு அதுதான் பேர் என்று நினைக்கிறேன்.

முதலில் உன் வேலையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. எனக்கு வேலை என்றால் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும். இருபத்து மூன்று வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள் நான். ட்யூப்லைட்டுக்குக் கீழே மேசை, மேசை மேலே பீஸ், ஓட்டை தெரிந்தால் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். சாயங்காலம் இன்றைக்கு என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லிவிடலாம். உன்னைக் கேட்டால், "பேசிட்டு இருந்தேம்மா" என்கிறாய். நேற்று? "நேத்தும் பேசிட்டுத்தான்." பேசுவதற்கா சம்பளம் என்று முதல் மாதம் உங்கப்பாவிடம் கேட்டேன். "வக்கீலுக்கும் அப்படித்தான்" என்றார். வக்கீலாவது நம் பக்கம் நின்று சண்டை போடுவான். நீ யாரோடும் சண்டை போடுவதாகவும் தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு உன் ஆபீசுக்கு வந்தேனே, பொட்டு வைக்க ஒரு மிஷின் இல்லை அங்கே. கம்ப்யூட்டருக்கு வைத்தார்கள், பிறகு கையில் சந்தனம் மிச்சம் இருக்கிறதே என்று தண்ணீர் கேனுக்கும் வைத்தார்கள். உன் மேசை மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. எதற்கு என்று கேட்டேன். "அழுவாங்கம்மா" என்றாய். காசைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எதற்கு அழ வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழகுவதற்காக என்னை உட்கார வைத்து, பணம் போட வருகிறவர்களைக் கேட்கிற கேள்வித்தாளை நிரப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, நீ போட்ட நூறு ரூபா எண்பது ரூபாயாக் கொறைஞ்சு போச்சு. என்ன பண்ணுவே?" என்றாய். "ஆரு எடுத்தாங்கன்னு கேப்பேன்" என்றேன். "ஆரும் எடுக்கலீம்மா, அதுவாக் கொறைஞ்சிருச்சு." "அதுவா எப்படிக் கொறையும்? நீ பாத்துட்டுச் சும்மாவா இருந்தே?" பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாய். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். பிறகு ஒருநாள் எல்லாருடைய பணமும் ஒரே நாளில் அதுவாகக் குறைந்ததாமே, அன்றைக்கு நீ தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தாய். காலையிலிருந்து போனை வைக்கவே இல்லை என்றாய். போன் பண்ணினவர்களுக்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன். "பொறுங்கன்னு சொன்னேன்." எல்லாருக்கும் அதேதானா? "அதேதாம்மா." "அதுக்கு ஒரு போர்டுல எழுதி மாட்டிப்போட்டு ஊட்டுக்கு வந்திருக்கலாமல்லொ" என்றேன். சுக்குக் காப்பியைக் குடித்துக்கொண்டே, "போர்டு சொன்னா நம்பமாட்டாங்கம்மா, ஆளு சொல்லோணும்" என்றாய். அந்தப் பதில் அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை, ஆனால் மறக்கவில்லை. எதையும் நான் மறப்பதில்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்மேல் எனக்கு இருக்கிற வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். எதிர்வீட்டுச் சுலோச்சனாவை நான்தான் உன்னிடம் அனுப்பினேன், என் மகன் பணத்தை ரெட்டிப்பு ஆக்கித் தருவான் என்று பெருமையாகச் சொல்லி. அது என் தப்புதான். நீ அவளிடம் முதலில் நகைக் கடனை அடை, பிறகு ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு பாலிசி எடு, மிச்சம் இருந்தால் வா என்று சொல்லி அனுப்பினாய். அவள் வாசலில் நின்று, "உன்ற பையன் புத்தி சொல்லி அனுப்பிச்சுட்டான். அதுக்கு என்ற மாமியார் பத்தாதா?" என்று கேட்டாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு ஒரு கம்பெனிக்காரர் வீட்டம்மா கூடை நிறைய மாம்பழம் அனுப்பினார், வாங்கக் கூடாது என்று நீ திருப்பி அனுப்பினாய். தீபாவளிக்கு எங்கிருந்து மாம்பழம் கிடைத்தது என்று இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது, அந்தக் கூடை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கல்யாண வீடுகளில் உன் ஆபீசுக்கு வருகிறவர்கள் எதிரே வந்தால், அவர்களாகப் பேசினால் ஒழிய நீ முகம் தெரியாதவன் போலப் போகிறாய். கேட்டால், அவர்கள் வந்தது வீட்டாருக்கே தெரியாமல் இருக்கலாம் என்கிறாய். யாருக்கு என்ன இருக்கிறது, யாருக்கு ஒன்றுமே இல்லை என்று இந்த ஊரில் பாதி உனக்குத் தெரியும், நீயோ ரசம் நல்லா இருக்குது என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுகிறாய். எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத எனக்கு எப்படி இப்படி ஒரு பிள்ளை பிறந்தது என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் நீ என் அக்காவையே ஆறு வருஷம் வயிற்றில் வைத்திருந்தாய் என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. உன் பேர் வரவில்லை, ஆபீஸ் நம்பர் வந்தது. எடுத்தால் உன் குரல். "வணக்கங்க. நிதி ஆலோசனை ஆபீசிலிருந்து பேசறேனுங்க. இந்தப் பேச்சு பதிவாகுதுங்க. உங்க பேரைச் சொல்லுங்க." ஏங் கண்ணு, காய்ச்சலா என்று கேட்டேன். "பேரைச் சொல்லுங்க" என்றாய். "என்ற பேரு உனக்குத் தெரியாதா?" "பதிவுக்காகக் கேக்கறேனுங்க." சொன்னேன். பிறந்த தேதியைக் கேட்டாய். அது எனக்கே தெரியாது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதியைச் சொன்னேன். பிறகு நீ ஒரு தாளை எடுத்து வாசித்தாய். நான் புரிந்துகொண்டது சரிதானா பார். உன் பெரியம்மா ருக்குமணி, பெரியப்பா தவறிய பிறகு, தன் சேமிப்பை எப்படி வைப்பது என்று கேட்டு ஆறு வருஷத்துக்கு முன்னால் உன்னிடம் வந்திருக்கிறாள். அப்போது உங்கள் ஆபீஸ் வழக்கப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பிற்காலத்தில் எப்போதாவது என் சேமிப்பு மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுக்கச் சொன்னால், உடனே செய்யாதீர்கள், முதலில் இன்னாரை அழைத்து என்னோடு பேச வையுங்கள் என்று. அந்த இன்னார் நான். இப்போது மொத்தத்தையும் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். அவள் கொழுந்தனார் மகன் மோகன், சாயத் துணி உலர்த்துகிற மிஷின் வாங்கப்போகிறான், அவனுக்குக் கொடுப்பதற்காக.

நான் செய்ய வேண்டியதையும் வாசித்தாய். பணத்தைத் தொட எனக்கு உரிமை இல்லை. அக்காவோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவள் சொன்னதை வெள்ளிக்கிழமை ஆபீசில் வந்து சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் தெளிவாக இல்லை என்று தெரிந்தால், டாக்டர் சீட்டு வரும்வரை பணம் அப்படியே இருக்கும். "நீங்க கேட்டதை மட்டும் சொல்லோணுங்க, நெனைச்சதைச் சொல்லக் கூடாதுங்க" என்றாய். நான் வரவில்லை என்றால்? "அவங்க கேட்டபடி செஞ்சு குடுத்துருவோமுங்க." நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு கண்ணு என்றேன். "அதை நான் சொல்லக் கூடாதுங்க." ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிற ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம். கடைசியாக, "வேற ஏதாவது சொல்லணுங்களா?" என்று கேட்டாய்.  "சாப்பிட்டியா?" என்றேன்.  "சாப்பிட்டேனுங்க" என்றாய். அதுவும் பதிவாகியிருக்கும்.

அந்தத் தாளில் ஒரு கேள்வி இருந்ததே, ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று. அதற்கு அக்கா சொன்ன பதிலையும் நீ வாசித்தாய். "அவளுக்கு என்மேல் பாசம் கிடையாது. ஒரு தடவை நாலு பேர் பார்க்க என் மூஞ்சிக்கு நேராகச் சொன்னாள். அப்படிச் சொல்கிறவள்தான் வேண்டும்." போன் நம்பர் என்ற இடத்தில், பையனுக்கே தெரியும் என்று எழுதச் சொன்னாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு பேர் பார்க்கச் சொன்னது அவள். நான் எங்கே சொன்னேன்?

உனக்கு இந்தக் கதை தெரியும், நூறு தடவை சொல்லியிருக்கிறேன், இன்னும் ஒருதடவை கேள். அவளும் நானும் ஒரே கம்பெனியில் இருந்தோம். சொந்த வீடு கட்டும்வரைக்கும் அவள் ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைத்தாள், நான் செக்கிங். பெரியப்பா நாலு தையல் மிஷின் போட்டுத் தொடங்கி, முதலிபாளையத்தில் ஒரு ஷெட் எடுத்து, மளமளவென்று மேலே வந்தார். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் இதே நல்லூரில் அவர்கள் வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை வைத்தார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. பாதி ஷிப்டில் சொல்லிக்கொண்டு, பஸ் பிடித்து, நேராகப் போனேன். முன்பந்தியில் இலை போட்டிருந்தது, ஓரமாக ஒரு இடம் காலி. உட்காரப் போனேன். என் கூடப்பிறந்தவள், அரக்குக் கலர் பட்டுப்புடவையில் வந்து நின்று, வந்திருந்த சொந்தக்காரர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "தலையெல்லாம் பஞ்சு, ஒறம்பரையெல்லாம் பாக்குது, பின்பந்திக்கு வா." நான் பின்பந்திக்கும் உட்காரவில்லை. அன்றைக்கு இறங்கினவள்தான், அந்தப் படி ஏறவில்லை. பெரியப்பா இறந்தபோது போனேன், வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. முப்பத்து நாலு வருஷம் காய்கறி வாங்கக்கூட அந்தத் தெரு வழியாக நடக்காமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, போனேன். பாசத்தில் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பதிலைப் பொய் என்று அவள் வாயால் சொல்ல வைக்கலாம் என்று போனேன். கதவைத் திறந்தது மோகன். "வாங்க சின்னம்மா, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அக்காவுக்கு மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தான். மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். அவனாகவே, "பெரியம்மாதானுங்க எடுத்துக்கோன்னு சொன்னாங்க. நான் சொல்லிக் குடுத்துக் கேக்கலீங்க" என்றான். இருபத்து மூன்று வருஷம் ஓட்டை பார்த்த கண்ணால் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நல்ல பீஸா, வெளிச்சம் சரியில்லையா என்று சொல்ல முடியவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் போனான்.

அக்கா இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தவுடனே, "வா பாப்பா. ஏன் இவ்வளவு நேரம்? ஷிப்ட் உட்டாச்சா?" என்றாள். முப்பத்து நாலு வருஷம் நடுவில் இல்லாதது மாதிரி. நான் நீ சொல்லிக்கொடுத்தபடியே கேட்டேன். "அக்கா, மொத்தப் பணத்தையும் மோகனுக்குக் குடுக்கோணும்னு சொன்னியா?" "குடுக்கட்டும். அவனும் எனக்குப் புள்ளையாட்டத்தான" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். உன்னிடம் அப்படியே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காப்பி குடித்தோம். டம்ளரை வைத்துவிட்டு இன்னொரு தடவை அதையே கேட்டேன். "ஆரு மோகன்? அந்தக் கட்டிங் மாஸ்டரா? அவனுக்கு எதுக்கு நம்ம காசு?" என்றாள். அதையும் தெளிவாகத்தான் சொன்னாள். பிறகு என் தலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். கையை நீட்டி என் முன்மயிரைத் தொட்டு, "உன்ற தலையில பஞ்சே இல்லியே" என்றாள்.

"என்ற தலையிலதான் பஞ்சுன்னு சொன்னீல்லொ பாப்பா, உன்ற பையன் காதுகுத்தன்னிக்கு. தம்பி மடியில பையன் உக்காந்து அழுகறான். நான் ஓவர்டைம் முடிச்சு ஓடியாறேன். எலை போட்டாச்சு. தலையெல்லாம் பஞ்சு, ஒறம்பரையெல்லாம் பாக்குது, பின்பந்திக்கு வாக்கான்னு சொன்னீல்லொ." குரலில் கோபமே இல்லை, யாருக்கோ நடந்த கதை மாதிரி சொன்னாள்.  "நீதானக்கா சொன்னே. உன்ற புண்ணியார்ச்சனையில, என்னைய" என்றேன். ஒரு மாதுளை முத்தை வாயில் போட்டுக்கொண்டு, "அது பொறவு" என்றாள். அவ்வளவுதான். ரெண்டே வார்த்தை. பிறகு மின்விசிறி ஏன் சுற்றவில்லை என்று கேட்டாள். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

நேற்றிலிருந்து நான் உன் காதுகுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கண்ணு. எல்லாம் இருக்கிறது. உனக்கு அஞ்சு வயது. புது மொட்டைத் தலையில் சந்தனம். மாமன் மடியில் உட்கார்ந்து நீ அவர் வேட்டியை நனைத்துவிட்டாய். பூசணிக்காய்ப் பொரியலில் உப்புக் குறைவு. உங்கப்பாவின் சித்தப்பா, மரியாதையாகக் கூப்பிடவில்லை என்று கோயில் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார், உங்கப்பா போய்க் கும்பிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா தாமதமாக வந்தாள், நீலச் சேலை. அதுவரைக்கும் இருக்கிறது. அவள் வந்து நிற்கிறாள், நான் திரும்புகிறேன், பிறகு நேராகப் பாயசம் வந்துவிடுகிறது. நடுவில் நான் என்ன சொன்னேன் என்பது இல்லை. எனக்கு யார் யார் என்ன சொன்னார்கள் என்று நாற்பது வருஷத்துக்கு முந்தியதையும் சேலைக் கலரோடு சொல்வேன். நான் என்ன சொன்னேன் என்று தேடினால், நான் பேசின வார்த்தை ஒன்றுகூட அங்கே இல்லை. காதுகுத்தில் மட்டும் இல்லை, எங்குமே இல்லை. உங்கப்பாவை நான் என்ன சொல்லியிருப்பேன்? உன்னை, உன் மனைவியை? நான் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பவள் என்றல்லவா எல்லாரும் சொன்னீர்கள்.

மோகனை மறந்தவள் சொன்னதை நம்புவதா என்றும் யோசித்தேன். அவள் மூளைக்குள் இரண்டு விருந்தும் கலந்துபோயிருக்கலாம், நான் பட்டதைத் தான் பட்டதாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படித்தான் என்று ராத்திரி முடிவு செய்துகொண்டு படுத்தேன். காலையில் பல் விளக்கும்போது அந்த முடிவு நிற்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நல்ல நினைவோடு இருந்தபோதே, நாலு பேர் பார்க்க நான் சொன்னேன் என்று உன் தாளில் எழுத வைத்திருக்கிறாளே. இன்னொன்றும் இருக்கிறது, இது கம்பெனியில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். செக்கிங்கில் தலையெல்லாம் பஞ்சாகாது. நாலு இழை ஒட்டியிருக்கும், தட்டினால் போய்விடும். தலை வெளுத்துப்போவது ஓவர்லாக் தைக்கிறவளுக்குத்தான், மிஷின் துணியை வெட்டி வெட்டிப் பிசிறைத் துப்பும். புண்ணியார்ச்சனை அன்றைக்கு என் தலையில் அவ்வளவு பஞ்சு இருந்திருக்க வழியே இல்லை. தலையெல்லாம் பஞ்சு என்று ஏன் சொன்னாள் என்று நான் முப்பத்து நாலு வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு வருஷம் வைத்திருந்து, எனக்கு என் வார்த்தையையே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நான் சொல்லியிருக்கிறேன் என்று இப்போது நம்புகிறேன். ஞாபகம் மட்டும் வரவில்லை. ஞாபகத்தில் இல்லாத ஒன்றை எப்படி ஒத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒத்துக்கொண்டால், இத்தனை வருஷம் நான் வைத்திருந்த கோபம் யாருடையது, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது, அதுவும் தெரியவில்லை. அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு நடந்த நடையெல்லாம் எதற்கு?

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது குறைந்துபோயிருக்கிறது, இருந்தாலும் பெற்றவள் என்பதால் சொல்கிறேன். உனக்கும் அப்படி ஒரு தாள் எழுதி வை. உன்மேல் பாசமாக இருக்கிறவர்கள் பேரை மட்டும் அதில் போடாதே. பாசம் இருக்கிறவர்கள் பாவம் பார்ப்பார்கள். இன்னொன்று, ஆபீசில் எல்லாரையும் கடைசியில் கேட்கிறாயே, வேற ஏதாவது சொல்லணுங்களா என்று, அதை வீட்டிலும் கேள். உன் மனைவியைக் கேள், உன் மகளைக் கேள். கேட்டுவிட்டுப் போனைப் பார்க்காதே. நாற்பது வருஷமாக உன்னை வளர்த்த நான் அந்தக் கேள்வியை உன் வாயிலிருந்து திங்கட்கிழமைதான் முதல்முதலாகக் கேட்டேன், அதையும் சாப்பாட்டுக் கேள்வி கேட்டு வீணடித்துவிட்டேன். உன் வேலை என்ன என்பதும் அந்த நேரத்தில்தான் கொஞ்சம் பிடிபட்டது. ஆறு வருஷம் பெரியம்மா உன் எதிரே உட்கார்ந்து அந்தக் காகிதக் கைக்குட்டையில் எத்தனை எடுத்தாளோ தெரியாது. என்னைப் பற்றி அவள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து, நான் அவளைத் திட்டுவதையும் கேட்டுக்கொண்டு, ரசம் நல்லா இருக்குது என்று சொன்னாய். பேசுவதற்குச் சம்பளமா என்று கேட்டேனே, அது தப்பு. பேசாமல் இருப்பதற்குத்தான் கொடுக்கிறார்கள்.

கையெழுத்துப் போடுகிறேன் கண்ணு. இதை எழுதத் தொடங்கும்போது முடிவு இல்லை, இப்போது இருக்கிறது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நம்பி அவள் என் பேரைப் போட்டிருந்தால், நான் லாயக்கில்லை என்று வந்து சொல்லிவிடுவேன். அவள் அதை நம்பிப் போடவில்லை. மூஞ்சிக்கு நேராகச் சொல்வேன் என்றுதான் போட்டாள். அது இன்னும் என்னால் முடியும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், மோகன் வண்டியில் விடுகிறேன் என்கிறான், விடட்டும். அங்கே என்னை அம்மா என்று கூப்பிட வேண்டாம், அன்றைக்குப் போனில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடு. நான் கேட்டதை மட்டும் சொல்கிறேன். ஒரு தடவை குடுக்கட்டும் என்றாள், காப்பிக்குப் பிறகு ஆரு மோகன் என்றாள். அவன் நல்லவன் என்றும் சொல்ல மாட்டேன், கெட்டவன் என்றும் சொல்ல மாட்டேன், அதெல்லாம் நான் நினைப்பது.

எல்லாம் முடிந்த பிறகு, வேற ஏதாவது சொல்லணுங்களா என்று கேட்பாயல்லவா, அந்த இடத்தில் அவசரப்படாதே. எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அக்காவைப் பார்த்து, உன்ற தலையில பஞ்சுன்னு நான்தான் மொதல்ல சொன்னேன் என்று சொல்லப்போகிறேன். அது கேட்டதா நினைத்ததா என்று உன் சட்டத்தில் பார்த்துக்கொண்டிருக்காதே, ஓடுகிற பதிவு மிஷினை நிறுத்தாமல் விடு. வீட்டுக்குப் போவதற்குள் அவளுக்கு அது மறந்துவிடும். ஏற்கெனவே ஒருதடவை மறந்தவள் நான், எனக்கும் மறந்தாலும் மறக்கும். உங்கள் ஆபீசில் பதிவானதை எட்டு வருஷம் அழிக்காமல் வைத்திருப்பீர்கள் என்று ஒருநாள் சொன்னாய். எங்கள் இரண்டு பேருக்கும் அது போதும்.

அம்மா